பச்சை எரிந்த மூன்று நொடி

ஏலக்காயை நிறம் பார்த்துத் தரம்பிரிக்கும் நிறம்பிரிப்பி இயந்திரத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. எடைமேடைக்கும் உலர்த்தும் அறையின் கதவுக்கும் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசியாகிவிட்டது. லாரியின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் தயாராக இருந்தன. மிச்சம் காவலாளி பால்ச்சாமியின் துப்பாக்கிதான்.

"குடுங்கண்ணே" என்று கையை நீட்டினாள் செல்லக்கிளி. போடியில் ஏலக்காயைச் சேர்த்து வைக்கும் அந்தக் கிட்டங்கியில் அவள் வேலை காய் புடைப்பது. ஆனால் ஆயுத பூசையன்று அவள் வைத்ததுதான் சட்டம். வேறு யாராவது சந்தனக் கிண்ணத்தைத் தொட்டால் முகம் மாறிவிடும்.

"இதத் தொடக் கூடாது தங்கச்சி. லைசென்ஸ் சாமான்."

"கத்திரிக்கோலுக்கு வெச்சாச்சு. வெளக்கமாத்துக்குக்கூட வெச்சாச்சு. நெசமான ஆயுதம்னு இந்தக் கிட்டங்கியில இருக்கிறது இது ஒண்ணுதான். இதுக்கு வெக்காம என்ன ஆயுத பூசை?"

பால்ச்சாமி துப்பாக்கியைத் தன் கையை விட்டு எடுக்காமல் நீட்டிப் பிடித்தார். அவள் கட்டையில் மூன்று பட்டை இழுத்தாள். குழலுக்கு மேலே சுண்டைக்காய் அளவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. பொட்டு வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று நினைத்திருப்பாள். கெட்டியாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பால்ச்சாமி அந்த நேரத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் எந்தச் சட்டியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில தீபம் காட்டுனப்புறந்தான் தொடைக்கணும், ஆமா."

"சரி தாயி" என்றார் அவர்.

அந்தக் கண்ணாடியின் பெயர் சான்றுக்கண். ஆறு வருடங்களாக, உரிமம் பெற்ற எந்தத் துப்பாக்கியும் அது இல்லாமல் நாட்டில் இல்லை. அதற்கு முன்பெல்லாம் தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒருவன் சுட்டுவிட்டால், அது தற்காப்புதான் என்று நிரூபிக்கப் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும். சட்டம் செய்தவர்களுக்கு அவன்மேல் இரக்கம் பிறந்தது. தற்காப்புச் சட்டம் கேட்பது நான்கே கேள்விகள், அதை ஓர் இயந்திரம் கேட்டால் என்ன என்று யோசித்தார்கள். உயிர் போகும் அல்லது உடம்பு சிதையும் என்று அஞ்ச நியாயம் உண்டா? அந்த ஆபத்து இந்த நிமிடமே இருக்கிறதா? போலீசை அழைக்க நேரம் உண்டா? இதைவிடக் குறைந்த தீங்கோடு தடுக்க வழி உண்டா?

துப்பாக்கியைத் தூக்கியதும் சான்றுக்கண் விழிக்கும். எதிரே நிற்பவனின் கை, அதில் இருப்பது, இடைவெளி, அவன் முன்னேறும் வேகம் எல்லாவற்றையும் அளக்கும். அரை நொடியில் விடை வந்துவிடும். சிவப்பு எரிந்தால் விசை பூட்டிக்கொள்ளும். பச்சை எரிந்தால் விசை திறக்கும், கூடவே முன்தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். பச்சையில் சுட்டவன்மேல் வழக்கு இல்லை, அவனிடம் வாக்குமூலம் வாங்குவதும் இல்லை. பதிவுக்கு முத்திரை வைத்து மூடிவிடுவார்கள்.

ஒரு சின்னச் சலுகையும் கொடுத்திருந்தார்கள். மனிதன் கை இயந்திரம் அல்ல, தயங்கும், பிந்தும். ஆகவே ஆபத்து நீங்கிய பிறகும் மூன்று நொடி பச்சை எரியும். அதற்குள் சுட்டாலும் நியாயமே.

அந்த மூன்று நொடியைப் பற்றிப் பால்ச்சாமிக்கு ஒரு விஷயம் தெரியும். அதைச் சொல்ல அவர் மூன்று வருடமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தும் ஒரு மனிதனைச் சுடாமலே ஊர் திரும்பியவர் அவர். சுட்டது இந்தக் கிட்டங்கியில்தான், ஒரு வைகாசி மத்தியானம். காசிமாயன் என்பவன் பின்கதவை உடைத்துக்கொண்டு இரும்புக் கம்பியோடு வந்தான். பச்சை எரிந்தது. சுட்டார். காசிமாயன் அங்கேயே செத்துப்போனான். சுட்ட பதினோராவது நொடியில் அவருடைய கைபேசியில் செய்தி வந்தது: 'உங்கள் செயல் நியாயமானது. நலமுடன் வாழ்க.' இன்ஸ்பெக்டர் வந்தபோது பால்ச்சாமி விறைப்பாக நின்று, நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் அவருடைய தோளில் தட்டி, "அதான் பச்சை விழுந்திருச்சே, நீங்க போய் டீ சாப்பிடுங்கண்ணே" என்றார். முதலாளி ராஜபூபதியிடம் சொல்லப் பார்த்தார். அவர் பொன்னாடை போர்த்தினார். கடைசியில் கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் சொன்னார். சாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டது; திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. யாராவது எதிரே உட்கார்ந்து, "என்னதான் நடந்துச்சு?" என்று கேட்க வேண்டும். அந்த ஒன்று நடக்காததால் மூன்று வருடமாகச் சோறு ருசிக்கவில்லை, ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

பூசை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார்கள். மத்தியானம் இரண்டு மணி. மறுநாளும் விடுமுறை என்பதால் தெருவே காலியாக இருந்தது. பக்கவாட்டுக் கதவு கிறீச்சிட்டதும் பால்ச்சாமி எழுந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கையில் அருவாளோடு நேராக நிறம்பிரிப்பியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். வீரணன். அடுத்த தெருவில் தரம்பிரிக்கும் கொட்டகை வைத்து இருபது பெண்களுக்கு வேலை கொடுத்தவன். பச்சைக் காயையும் வெளுத்த காயையும் நொடியில் பிரித்துத் தள்ளும் இந்த இயந்திரம் வந்தது. அந்த வருடமே கொட்டகையை மூடினான்.

"நில்றா!" என்று குறுக்கே போய்த் துப்பாக்கியைத் தூக்கினார் பால்ச்சாமி.

வீரணன் திரும்பினான். அருவாள் தலைக்கு மேலே போனது. இடையில் பத்தடி தூரம்கூட இல்லை.

பச்சை எரியவில்லை. சிவப்பும் எரியவில்லை. அவர் அதுவரை பார்த்தே இராத ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. துப்பாக்கி பேசியது: "காட்சி தெரியவில்லை. விசை திறந்திருக்கிறது. முடிவும் பொறுப்பும் உங்களுடையவை."

கண் பழுதானால் என்ன செய்வது என்றும் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். விசையைப் பூட்டினால் துப்பாக்கிக்காரன் அநியாயமாகச் செத்துப்போவான். எனவே திறந்துவிடும், ஆனால் முன்தீர்ப்பு கிடையாது. சுட்டால் பழைய சட்டம், பழைய கோர்ட்டு, பழைய பத்து வருடம்.

அந்த நான்கு கேள்விகளையும் பால்ச்சாமி மனப்பாடமாக அறிவார். ஆனால் அவற்றைத் தானே கேட்டு, தானே பதில் சொல்லும் வேலை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. பதற்றத்தில் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஏய், நீ என்னைய வெட்டப் போறியா?"

வீரணன் விழித்தான். "என்னது?"

"கேக்குறேன்ல? வெட்டப் போறியா, சும்மா மெரட்டுறியா?"

"தெரியலண்ணே." உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. "மெசினத்தான் வெட்ட வந்தேன். நீங்க குறுக்க வந்து நிக்கிறீங்க."

"நான் தள்ளி நின்னா?"

"மெசின வெட்டுவேன்."

"சரி. போலீசுக்குப் போன் போட எனக்கு நேரம் இருக்கா?"

"அத ஏண்ணே என்கிட்டக் கேக்குறீங்க?"

"வேற யாருகிட்டக் கேக்குறது? இதுக்குத்தான் கண்ணு தெரியலையாமே!"

வீரணன் துப்பாக்கியைப் பார்த்தான். கட்டையில் மூன்று பட்டை, உச்சியில் பெரிய பொட்டு. பிறகு தன் பக்கத்தில் இருந்த நிறம்பிரிப்பியைப் பார்த்தான். அதற்கும் பொட்டு, கழுத்தில் மாலை வேறு. அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அழுகை வந்தது. அருவாள் மெதுவாகக் கீழே இறங்கியது. பால்ச்சாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை இப்படிக் கீழே இறங்குவதை அவர் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்று எரிந்துகொண்டிருந்த பச்சை இன்று இல்லை. அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

அருவாள் தரையில் விழுந்தது. இரண்டு பேருமே உட்கார்ந்துவிட்டார்கள்.

"எதுக்குடா வந்த?" என்றார் பால்ச்சாமி, மூச்சு வாங்கியபடி.

வீரணன் சொன்னான். கொட்டகையைப் பற்றி, அந்த இருபது பெண்களைப் பற்றி, பூசைக்கு அவர்களுக்குப் புடவை எடுத்துக் கொடுத்த நாட்களைப் பற்றி. சொல்லி முடிக்கும்வரை பால்ச்சாமி குறுக்கே பேசவில்லை. பிறகு போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, சுண்டல் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

அதற்கப்புறம்தான் அவர் அந்தப் பொட்டைச் சரியாகக் கவனித்தார். அது சான்றுக்கண்ணை முழுசாக மூடியிருந்தது. செல்லக்கிளியின் வீடு இருந்த திசையைப் பார்த்து இரு கையையும் கூப்பினார். "நல்லா இரு தாயி, நல்லா இரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். என்ன ஏது என்று தெரியாமலே வீரணனும் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

சுவரில் இருந்த படக்கருவியின் பதிவைப் போலீசார், சான்றுக்கண் போலவே கணக்கிட்டுச் சொல்லும் கணிப்பானில் போட்டுப் பார்த்தார்கள். ஐயத்துக்கே இடமில்லை. கண்ணில் சந்தனம் இல்லாமல் இருந்திருந்தால் பதினான்கு நொடி பச்சை எரிந்திருக்கும். மூன்று வருடத்துக்கு முன் வந்த அதே இன்ஸ்பெக்டர் பால்ச்சாமியைப் பார்த்தார்.

"ஏண்ணே சுடல?"

ஒரு போலீஸ்காரர் அவரைக் கேட்ட முதல் கேள்வி அது. கொன்றபோது டீ குடிக்க அனுப்பினார்கள். கொல்லாமல் விட்டதும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து உட்காருகிறார்கள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, நன்றியும் வந்தது. "சொல்றேன் சார், முழுசா சொல்றேன்" என்றார். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு முழுசாகக் கேட்க நேரம் இல்லை. பால்ச்சாமிமேல் வழக்கு மட்டும் பதிவானது.

இரண்டு குற்றங்கள். ஒன்று, சான்றுக்கண்ணை மறைத்தது. இரண்டு, பச்சைக்குரிய வேளையில் சுடத் தவறியது. இரண்டாவது எப்படிக் குற்றமாகும் என்று நமக்குத் தோன்றலாம். சட்டம் முதலில் சுடலாம் என்றுதான் சொன்னது. சுட்டால் கேள்வி இல்லை என்று ஆனபின், சுடாமல் இருக்க என்ன காரணம் என்று முதலாளிகள் கேட்கத் தொடங்கினார்கள். அதை வேலை விதிகளில் சேர்த்தார்கள். அங்கிருந்து அது காவலாளி உரிமத்தின் நிபந்தனைக்குள் நுழைந்தது. கொடுத்த அனுமதி ஆறே வருடத்தில் கடமையாகிவிட்டது. தண்டனை இரண்டு ஆண்டு சிறை. ஐம்பத்தெட்டு வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

நீதித்துறை நடுவர் தமயந்தியின் முன் வழக்கு வந்தது. அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து தற்காப்பு பற்றிய ஒரு விசாரணையையும் பார்த்ததில்லை. பழைய சட்டப் புத்தகத்தை நூலகத்திலிருந்து தேடி எடுத்து வரச் சொல்லியிருந்தார்.

முதலில் செல்லக்கிளியைக் கூப்பிட்டார்கள். "பொட்டு வெச்சது நாந்தேன். தொடைக்கக் கூடாதுன்னதும் நாந்தேன். செயில்னா என்னையப் போடுங்க, இவரு என்ன பண்ணுவாரு பாவம்" என்றாள் ஒரே மூச்சில். அடுத்து வீரணன் வந்தான். அத்துமீறி நுழைந்ததற்காக நான்கு மாதத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தவன் அவன். "கொட்டகைய மூடுன நாள்லருந்து, என்னடா ஆச்சு உனக்குன்னு ஒருத்தர் கேட்டதில்லம்மா. இவருதான் கேட்டாரு, துப்பாக்கிய நீட்டிக்கிட்டே கேட்டாரு" என்றான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. "உசுரோட நிக்கிறேன். எனக்கு அது போதும்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

பிறகு பால்ச்சாமி கூண்டில் ஏறினார்.

"கண்ணு மறைஞ்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நடுவர்.

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தாலும் தொடைச்சிருக்க மாட்டேன்னு இப்பத் தோணுது."

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் சுடல?"

"மூணு வருசம் முன்னாடி சுட்டேன்மா. அதனால."

வக்கீல் துள்ளி எழுந்தார். அது முன்தீர்ப்பு ஆன விஷயம், அதைப் பேசவே தேவையில்லை, கட்சிக்காரருக்கு அது நல்லதும் இல்லை என்றார். நடுவர் புத்தகத்தைப் புரட்டினார்.

"அந்தச் சம்பவத்துக்காக உங்கமேல யாரும் வழக்குப் போட முடியாது, ஐயா. நீங்க அதச் சொல்லணும்னு கட்டாயமில்ல. சொன்னாலும் எனக்குத் தீர்ப்புச் சொல்ற அதிகாரம் இல்ல. தெரியுதா?"

"தீர்ப்பு வேணாம்மா. கேட்டாப் போதும்."

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்க. என்ன நடந்தது?"

மூன்று வருடமாக அவர் ஏங்கிக் கிடந்த கேள்வி. பால்ச்சாமி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"கம்பிய ஓங்கிக்கிட்டு வந்தான்மா. பச்சை எரிஞ்சுச்சு. நான் அப்பச் சுடல, கை வரல. 'அண்ணே, இருங்க, இருங்க'ன்னான். கம்பியக் கீழ போட்டுட்டான். சத்தம் கேட்டுச்சு எனக்கு, தரையில விழுந்த சத்தம். பயமெல்லாம் போயிருச்சு. ஆனா பச்சை எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எரியுதே, அப்பச் சரியாத்தான் இருக்கும்னு சுட்டேன். என் கண்ணு பாத்தத நான் நம்பல, அந்த வெளக்க நம்பிட்டேன். அது நியாயம்னு போன்ல வந்துச்சு. நியாயம் இல்லம்மா. கம்பி விழுந்த சத்தத்த நான் கேட்டேன்."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். காசிமாயனின் மனைவி பவுன்தாயி. மாதம் தவறாமல், தன் கணவன் எப்படிச் செத்தான் என்று கேட்டு மனுப் போட்டவள். மாதம் தவறாமல், 'முன்தீர்ப்பு ஆகிவிட்டது, விசாரணை இல்லை' என்ற ஒற்றை வரிப் பதிலை வாங்கியவள். இந்த வழக்கைப் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளைப் பால்ச்சாமி அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனாலும் யாரென்று புரிந்துவிட்டது.

"கம்பியக் கீழ போட்டாரா?" என்று கேட்டாள் அவள். நடுவர் தடுக்கவில்லை.

"போட்டுட்டார்மா."

"கொல்ல வந்தான், கொல்ல வந்தான்னு ஊரே சொல்லுச்சு. எம்மவன் பள்ளிக்கூடம் போகவே கூசுனான்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "திருட வந்திருப்பாரு, அத நான் இல்லேங்கல. ஆனா ஒரு மனுசனக் கொல்ற ஆளு இல்ல அவரு. போட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும். இத்தன நாளா அத யாரும் சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உங்கள மன்னிக்க எனக்கு மனசு வரல. ஆனா சொன்னதுக்கு நன்றி."

பால்ச்சாமி கூண்டிலேயே மண்டியிட்டுக் கும்பிட்டார். மன்னிப்பை அவர் எதிர்பார்த்து வரவில்லை. யாராவது கேட்டால் போதும் என்றுதான் வந்தார். கேட்டுவிட்டார்கள், அதுவும் கேட்க வேண்டியவளே கேட்டுவிட்டாள். அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. கண்ணை மறைத்தது வேண்டுமென்று செய்ததல்ல என்று முதல் குற்றத்திலிருந்து விடுவித்தார் நடுவர். பச்சை என்பது அனுமதி, ஆணை அல்ல என்று சொல்லி இரண்டாவதிலிருந்தும் விடுவித்தார். யாரும் கேட்காத ஒரு பத்தியைக் கடைசியில் சேர்த்திருந்தார். முன்தீர்ப்பு பெற்றவர்மேல் பிறர் வழக்குத் தொடுக்கத்தான் சட்டத்தில் தடை இருக்கிறது. அவரே வந்து 'என்னை விசாரியுங்கள்' என்று மனுக் கொடுத்தால் கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை. அப்படி ஒருவன் வருவான் என்று சட்டம் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பால்ச்சாமி துப்பாக்கி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தீர்ப்பின் நகலை வாங்க அடுத்த திங்கட்கிழமை செல்லக்கிளியோடு நீதிமன்றத்துக்குப் போனார். வாசலில் வரிசை நின்றது. அது படிக்கட்டில் இறங்கி, புளியமரத்தைச் சுற்றி, தெருமுனை வரைக்கும் போயிருந்தது. கம்பத்திலிருந்து ஒரு வங்கிக் காவலாளி வந்திருந்தார். கோவையிலிருந்து ஒரு நகைக்கடைக்காரர், தன் வீட்டு மாடியில் ஒருவனைச் சுட்ட ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருமே இயந்திரம் நியாயம் சொல்லிக் கோர்ட்டுப் படி ஏறாமல் காப்பாற்றிவிட்ட மனிதர்கள். ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருந்தது. அதில் வருடக்கணக்காக அழிக்காமல் வைத்திருந்த அதே செய்தி இருந்தது: 'உங்கள் செயல் நியாயமானது. நலமுடன் வாழ்க.'

வரிசையில் நின்ற ஒருவர் பால்ச்சாமியை அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணே, உள்ள போனா என்ன கேப்பாங்க?"

"என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்த மனிதர் நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு, வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்து நின்றார்.